ஆசனத்துக்கு அளவு எங்கே?

மோட்டார் சைக்கிள் ஆசனத்தைப் பற்றிச் சொல்லக் கதை எழுதுகிறவனுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். கதைகளில் வருகிற மனிதர்கள் காதலிக்கிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், கடன்படுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் இடையிலே அவர்கள் எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? எங்கள் பக்கத்து மனிதன் விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை, ரெக்ஸின் போர்த்திய ஒரு சாண் அகலத் திண்டின் மேல் கழிக்கிறான். அவனைப் பற்றி எழுதுவேன், அவன் உட்கார்ந்திருக்கிற திண்டைப் பற்றி மட்டும் எழுதமாட்டேன் என்றால் அது என்ன எழுத்து?

ஆகவே எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் வண்டியின் ஆசனத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மேலும் சிரத்தை உள்ளவர்கள் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த உறுப்பு அதன் மேல் உட்காரப் போகிறதோ அந்த உறுப்பின் அபிப்பிராயத்தை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பிறகு நாற்பது வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு, “எல்லாம் வயசாச்சு” என்கிறார்கள். வயசு ஆகவில்லை ஐயா, ஆசனம் ஆகவில்லை!

வெள்ளகோவிலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூரிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையில், காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவே இருக்கிற ஊர். 2009-ல் திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. விசைத்தறியின் சத்தம் காதில் விழாத தெரு இங்கே குறைவு. எண்ணெய் ஆலைகள் உண்டு. முருங்கைக்காய் மூட்டை மூட்டையாக வந்து விலை போகும். தேங்காய்ப் பருப்பும் சூரியகாந்தி விதையும் ஏலத்துக்கு வரும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் உண்டு. மேற்கே போனால் பனியனுக்குப் பேர்போன திருப்பூர், கிழக்கே போனால் படுக்கை விரிப்புக்கும் மேஜை விரிப்புக்கும் பேர்போன கரூர், வடக்கே ஈரோட்டு ஜவுளிச் சந்தை, தெற்கே தாராபுரம். பிழைப்பு நான்கு திக்கிலும் இருக்கிறது; ஆகவே பிரயாணமும் நான்கு திக்கிலும் இருக்கிறது.

இந்தப் பிரயாணத்தைச் செய்கிறவர்கள் யார்? நூல் ஏஜெண்டு, துணிக் கமிஷன்காரர், தறி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக், கொப்பரை வாங்குகிறவர், சீட்டுப் பணம் வசூல் பண்ணுகிறவர், பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிற பையன். காரில் போக வசதி இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. ஆகவே மொபெட்டு, ஸ்ப்ளெண்டர், புல்லட் என்று அவரவர் சக்திக்கு ஏற்ற இரண்டு சக்கரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளகோவிலிலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். போக வர 100. வருஷத்துக்கு 300 நாள் போகிறவன் 30,000 கிலோமீட்டர் ஓட்டுகிறான். பூமியின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான். எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை நாலு வருஷத்தில் மூன்று தரம் பூமியைச் சுற்றிவிடுகிறான். அவனுக்கு ஒருவரும் மாலை போடவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம். வருஷத்துக்கு 750 மணி நேரம். அதாவது, இரவும் பகலுமாகச் சேர்த்து ஒரு முழு மாதம் அவன் அந்தத் திண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறான்!

லடாக்குக்குப் போய்ப் பனிமலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற இளைஞனை நெடுந்தூரப் பயணி என்கிறோம். அவனுக்கென்று தனி ஆசனம், தனி உடுப்பு, தனிக் கையுறை எல்லாம் விற்கிறார்கள். அவன் போவது வருஷத்துக்கு ஒரு தரம். தினம் போகிற இவனுக்குத்தான் ஆசனத்தைப் பற்றி யோசிக்கிற உரிமை முதலில் வரவேண்டும். நெடுந்தூரம் என்பது ஒரே நாளில்தான் கழிய வேண்டும் என்று யார் சொன்னது?

எனக்கு ஆறாத ஆச்சரியம் ஒன்று உண்டு. இந்த வட்டாரம் உலகத்துக்கே அளவெடுத்துத் துணி தைக்கிற வட்டாரம். உள்ளூர்ப் பனியன் என்றால் 80, 85, 90, 95 என்று ஐந்து ஐந்து சென்டிமீட்டராக அளவு ஏறும். வெளிநாட்டுக்குப் போகிற சட்டை என்றால், தோளுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று ஒரு தாள் நிறைய அளவுகள் வரும். செக்கிங் மேஜையில் நிற்கிற பெண் டேப்பை வைத்துப் பார்த்து, கொஞ்சம் பிசகினாலும் துணியை ஒதுக்கிவிடுவாள். முகம் தெரியாத ஒரு ஜெர்மானியனுடைய தோளுக்கு இத்தனை மரியாதை! அந்த மேஜையிலிருந்து வேலை முடித்துவிட்டு இதே ஊர் மனிதன் வெளியே வந்து, உலகத்தில் யாருக்கும் அளவெடுக்காமல் செய்த ஓர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறான். ஸ்ப்ளெண்டரின் ஆசனம் தரையிலிருந்து 785 மில்லிமீட்டர்; கிளாசிக் புல்லட்டின் ஆசனம் 805. ஐந்தடி ஆளுக்கும் அதுதான். ஆறடி ஆளுக்கும் அதுதான். ஐம்பது கிலோவுக்கும் அதே திண்டு. நூறு கிலோவுக்கும் அதே திண்டு.

“கம்பெனியில் எஞ்சினியர்கள் பார்த்துச் செய்ததுதானே, அதைக் குறை சொல்ல நீ யார்?” என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சினியரை நான் குறை சொல்லவில்லை. அவர் சராசரி மனிதனுக்குச் செய்கிறார். கஷ்டம் என்னவென்றால், சராசரி மனிதன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. இது என் கற்பனை அல்ல. 1950-ல் அமெரிக்க விமானப் படையில், விமானியின் அறை ஏன் பலருக்குப் பொருந்தவில்லை என்று பார்ப்பதற்காக 4,063 விமானிகளின் உடம்பை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்கிற இளம் அதிகாரி, உட்காருவதற்கு முக்கியமான பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர் கூட இல்லை! நாலாயிரம் பேரில் ஒருவர் கூட இல்லை. சராசரிக்குச் செய்த ஆசனம் யாருக்கும் செய்யாத ஆசனம் என்று அதன் பிறகுதான் புரிந்தது. மனிதனை ஆசனத்துக்கு ஏற்ப வளைப்பதை விட்டு, ஆசனத்தை மனிதனுக்கு ஏற்ப நகர்த்துகிற ஏற்பாடு வந்தது. விமானிக்கு வந்தது. மோட்டார் சைக்கிள்காரன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான்.

சரி, கம்பெனி ஆசனம் போதாது என்று தெரிந்துகொண்ட சிலர் சீட் தைக்கிற கடைக்குப் போகிறார்கள். அங்கே நடப்பதைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து நகரம் ஒன்றில் அப்படி ஒரு கடையில் நான் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். தைக்கிறவர் கெட்டிக்காரர், கையில் நல்ல தொழில் இருந்தது.

“ஏனுங் மாஸ்டர், வர்றவங்க என்ன கேட்டுட்டு வருவாங்க?” என்று கேட்டேன்.

“டைமண்டுத் தையல் கேப்பாங்க, சிவப்பு நூல் கேப்பாங்க. செல்போன்ல படம் கொண்டாந்து காட்டி இதே மாதிரி வேணும்பாங்க.”

“ஒரு நாளைக்கு எத்தனை தூரம் ஓட்டறீங்கன்னு நீங்க கேப்பீங்களா?”

“அதெதுக்குங்ணா?”

“ஆள் எத்தனை எடைன்னு?”

அவர் சிரித்துவிட்டார். “அண்ணா, நான் சீட்டுக்குத்தானுங்க தைக்கறேன், ஆளுக்குத் தைக்கலீங்களே!”

உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. குற்றம் அவருடையதல்ல. கேட்டதைச் செய்கிறார். கேட்கத் தெரியாதவர்கள் நாம்.

ஏன் கேட்கத் தெரியவில்லை? அதற்கும் காரணம் உண்டு. வெட்கம். உடம்பிலே அந்தப் பாகத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வரும் என்று வைத்திருக்கிறோம். நான் இங்கே குண்டி என்று எழுதினால் பத்திரிகாசிரியர் பேனாவைத் திறந்துவிடுவார். பிருஷ்டம் என்று எழுதினால் விட்டுவிடுவார். பிருஷ்டம் என்றாலும் வலிக்கிறது அதே இடத்தில்தான்! வண்டி ஓட்டி ஓட்டித் தொடை மரத்துப் போனவன், தோல் உரிந்து போனவன், நுனி எலும்பு வலித்துச் சம்மணம் போட முடியாதவன் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்! வைத்தியரிடம் அவர்கள் “இடுப்பு வலி” என்றுதான் சொல்வார்கள். வீட்டில் அதையும் சொல்வதில்லை. தைக்கிறவரிடம் மட்டும் சொல்லிவிடுவார்களா?

நமது வெட்கத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டு, உட்காருவது என்றால் என்ன என்று பார்ப்போம். கட்டை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உட்காரும்போது எடையைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை இவைதான். இவற்றுக்கு நடுவிலும் சுற்றிலும் இருக்கிற சதையும் நரம்பும் இரத்தக் குழாய்களும் எடை தாங்க ஏற்பட்டவை அல்ல. நல்ல ஆசனம் என்பது எலும்பைத் தாங்கி, சதையைச் சும்மா விடுகிற ஆசனம். கெட்ட ஆசனம் என்பது எலும்பை முழுகவிட்டுச் சதையை நெருக்குகிற ஆசனம்.

மெத்து மெத்தென்று இருக்கிற ஆசனம் செய்வது இந்த இரண்டாவது காரியத்தைத்தான். முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். அரை மணியில் எலும்பு முனைகள் நுரையை அமுக்கிக்கொண்டு அடித்தகடு வரைக்கும் இறங்கிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்புக்கு. பக்கத்துச் சதையெல்லாம் எழும்பி நிற்கிற நுரைக்குள் சிக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் குறைந்து மரத்துப் போகும். கடையில் கட்டைவிரல் அமுக்கிப் பார்ப்பது அந்த முதல் ஐந்து நிமிஷத்தைத்தான். மூன்றாவது மணி நேரத்தைக் கட்டைவிரல் அறியாது.

நுரை விற்கிறவர்களும் இந்த மயக்கத்துக்கு உதவுகிறார்கள். “நாற்பது டென்சிட்டி போட்டிருக்கேன், கல்லு மாதிரி” என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ எடை என்கிற கணக்கு. அது சீக்கிரம் அமுங்கிப் போகாமல் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு ஓரளவு அடையாளம். கெட்டி எவ்வளவு, மெத்து எவ்வளவு என்பது வேறு கணக்கு. எடை கூடிய நுரை மெத்தென்றும் இருக்கலாம். எடை குறைந்தது விறைப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே கேட்கவேண்டும்.

இன்னும் நாகரிகமானவர்கள் மெமரி ஃபோம் கேட்கிறார்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான ஆசனத்துக்கென்று 1966-ல் கண்டுபிடித்த சரக்கு அது. உடம்பின் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். நல்ல சரக்குத்தான். ஆனால் சித்திரை வெயிலில் காங்கேயம் சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்த வண்டியில் அது உங்கள் உடம்புச் சூட்டுக்கா காத்துக்கொண்டிருக்கும்? முன்பே இளகிக் களியாகக் கிடக்கும். ஜெல் திண்டோ சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தவுடன் வட்டியோடு கொடுக்கும். குளிர் தேசத்துச் சரக்கை வாங்கும்போது நம் சூரியனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

நம் பெரியவர்கள் கட்டை வண்டியில் போகவில்லையா என்று கேட்கிற ஒரு கூட்டம் உண்டு. போனார்கள். ஆனால் எப்படிப் போனார்கள் என்று இவர்கள் பார்க்கவில்லை. வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் சாக்கு விரித்து, அதன் மேல் பவானி ஜமக்காளம் விரித்துப் போனார்கள். வசதியுள்ளவர்கள் வில் வண்டியில் போனார்கள். வைக்கோல் அமுங்கிப் போனால் உதறிப் போட்டுப் புது வைக்கோல் பரப்பினார்கள். அமுங்கிப்போன திணிப்பை மாற்றவேண்டும் என்கிற அறிவு அவர்களுக்கு இருந்தது. நாம் பத்து வருஷத்து நுரையின் மேல் புது ரெக்ஸின் போட்டுக்கொண்டு சந்தோஷப்படுகிறோம். 1955-ல் மதராஸிலே புல்லட் பூட்ட ஆரம்பித்த காலத்து வண்டிகளைப் பாருங்கள். ஓட்டுகிறவனுக்குச் சுருள்வில் வைத்த தனி ஆசனம் இருக்கும். பெரியவர்கள் சௌகரியத்தை வெறுத்தவர்கள் அல்ல. அதைச் சம்பாதிக்க வழி தேடினவர்கள்.

இன்னொரு கூட்டம், “ஆம்பிளைக்கு எதுக்குச் சொகுசு? வலிச்சாத்தான் பயணம்” என்று மீசை முறுக்குகிறது. இவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஒரு சங்கம் உண்டு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘இரும்புப் பிட்டச் சங்கம்’. வேடிக்கை இல்லை, வாஸ்தவமாகவே அதுதான் பெயர். 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர் ஓட்டினால்தான் அதில் நுழையலாம். அந்த இரும்புப் பிட்டக்காரர்கள் வலியைப் பாராட்டுகிறவர்களா? ஆசன விஷயத்தில் அவர்களைப் போல நச்சரிப்பவர்கள் உலகத்திலேயே குறைவு. அவர்களைப் போன்றவர்களுக்காக 1968-ல் கோர்பின் என்கிறவர் தொடங்கிய ஆசனக் கம்பெனி, கெட்டியான நுரைக்குத்தான் பேர் வாங்கியது. வாடிக்கைக்காரர் தம் வண்டியில் உட்கார்ந்திருக்கிற புகைப்படத்தை அனுப்பச் சொல்லி, எடையையும் உயரத்தையும் கேட்டு ஆசனம் செய்து கொடுத்த பட்டறைகளும் அங்கே இருந்திருக்கின்றன. உண்மையாகத் தூரம் போகிறவனுக்கு வலி வீரம் அல்ல. வலி வந்தால் கவனம் சிதறும். கவனம் சிதறினால் எதிரே வருகிற லாரி தெரியாது. சொகுசு என்று இவர்கள் கேலி செய்வது சாலையில் உயிரைக் காக்கிற விஷயம்.

இன்னும் ஒன்று கேளுங்கள். ஐரோப்பாவில் 2002-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். வேலை செய்கிறவன் உட்கார்ந்திருக்கிற வண்டியின் அதிர்வு அவன் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று அளக்கவேண்டும். எட்டு மணி நேரக் கணக்கில் ஒரு அளவை எட்டினால் முதலாளி பரிகாரம் தேடவேண்டும். அதற்கு மேல் இன்னொரு அளவைத் தாண்டவே கூடாது. அந்தத் தேசத்துக்காரர்கள்தான் நம் பனியனை உடுத்துகிறார்கள். அவர்களுடைய தணிக்கையாளர்கள் திருப்பூருக்கு வந்து, கம்பெனியில் வாசல் எத்தனை, தண்ணீர்க் குழாய் எத்தனை, தீயணைப்புக் கருவி எத்தனை என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். நல்லதுதான். ஆனால் கம்பெனி வாசலைத் தாண்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் அதிர்ந்துகொண்டு போகிற இடுப்பெலும்பு எந்தத் தாளிலும் இல்லை. அதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பின்னால் உட்காருகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். ஆசனம் மாற்றுகிறேன் என்று கிளம்புகிற ஆண்பிள்ளைகளில் பெரும்பாலோர் தனக்கு மட்டும் பள்ளம் தோண்டிக்கொண்டு, பின்பக்கத்தைக் கொக்கின் வாலைப் போலத் தூக்கி விட்டுவிடுகிறார்கள். அந்த வாலின் மேல், கையில் குழந்தையும் மடியில் பையுமாக ஒரு பெண் ஒருக்களித்து உட்கார்ந்து தாராபுரம் வரைக்கும் போகவேண்டும். ஒருக்களித்து உட்காரும்போது எடை முழுவதும் ஒரு பக்கத்து எலும்பில் விழுகிறது, முதுகெலும்பு முறுகுகிறது, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை, அழகு கெடுகிறது என்று கழற்றிவிட்டார்களே! 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி என்ன சொல்கிறது? பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க மிதி வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும். பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது, அவரும் சரியாகப் பொருத்திய ஆசனத்தில்தான் உட்காரவேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்துச் சட்டம். சட்டம் எழுதினவர்களுக்கு இருந்த இரக்கம் புருஷனுக்கு இல்லாமல் போகலாமா? ஆசனத்துக்கு அளவு கொடுக்கப் போகிறவன் அவளையும் கூட்டிக்கொண்டு போகட்டும். பின்பக்கம் தட்டையாக, அகலமாக, புடவை வழுக்காத துணி போர்த்தி இருக்கவேண்டும். முடிந்தால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அவளுடைய முதுகு வலியை வாங்கிக்கொள்ளத் தயாரா?

குறை சொல்லிவிட்டு ஓடிப்போவது என் வழக்கம் அல்ல. செய்யவேண்டியதையும் சொல்கிறேன்.

முதலில் அளவு. பனியன் அனுப்புகிற அட்டைப் பெட்டி இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு கிடக்கிறது. நெளி அட்டையில் ஒரு துண்டு கிழித்துச் சிமெண்டுத் திண்ணையில் போட்டு, அதன் மேல் சற்று முன்னே சாய்ந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு குழி விழுந்திருக்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மறு குழியின் நடுவுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். அந்த அகலம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அதிகம். ஆசனத்தில் நீங்கள் உட்காருகிற இடத்தில், இரண்டு எலும்பும் வசதியாக நிற்கிற அளவுக்கு அதைவிட அகலமான சமதளம் வேண்டும். முன்பக்கம் குறுகி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கால் தரையில் எட்டாது.

இரண்டாவது, சாய்மானம். பல ஆசனங்கள் முன்னே சரிந்து உங்களைப் பெட்ரோல் டாங்கியோடு கொண்டுபோய் நெருக்குகின்றன. மரத்துப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஏறத்தாழச் சமமாக, பின்னால் இடுப்பைத் தாங்க ஒரு சிறு மேடு இருந்தால் போதும்.

மூன்றாவது, திணிப்பு. அடியில் கெட்டியாக ஒன்று, மேலே மெல்லிசாக மெத்தென்று ஒன்று. துண்டு நுரையை அழுத்திச் செய்கிற ரீபாண்டட் அடிக்கு நல்லது. எனக்குப் பிரியமான யோசனை ஒன்றும் உண்டு: தென்னை நாரை ரப்பர் பாலில் கட்டின மெத்தைத் தகடு. காற்றும் போகும், சூட்டையும் பிடித்து வைக்காது. ஜெர்மனியின் பழைய வோக்ஸ்வாகன் கார் ஆசனங்களில் தென்னை நார்த் திணிப்புத்தான் இருந்தது. நார் நம்மிடத்தில் மலையாகக் கிடக்கிறது. நம் தைக்கிறவர்கள் அதையும் ஒரு கை பார்க்கலாமே?

நான்காவது, போர்வை. எலும்பு படுகிற இடத்தில் தையல் வரவே கூடாது. டைமண்டுத் தையலின் அழகெல்லாம் பக்கவாட்டில் இருக்கட்டும். தையல் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் நுரை நாள்கணக்கில் உலராது. கறுப்பு ரெக்ஸின் வெயிலில் தோசைக்கல். வெளிர் நிறம் அழுக்காகும் என்பார்கள், அழுக்கைத் துடைக்கலாம்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: வெள்ளோட்டம். கல்யாணத்துக்குக் கோட்டுத் தைத்தால் போட்டுப் பார்க்காமல் பொத்தான் வைக்கிறோமா? நுரையை வெட்டினவுடனே, போர்வை தைக்காமல், பழைய துணி ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். எங்கே குத்துகிறது, எங்கே அமுங்குகிறது என்று சொல்லி மறுபடியும் சீவச் சொல்லுங்கள். இரண்டு தரம் போனால் போதும். வண்டியோடு வந்த ஆசனத்தை வெட்டாதீர்கள். வேறு பழைய அடித்தகடு வாங்கி அதன் மேல் கட்டுங்கள். இதற்கெல்லாம் முன்னால், பின் ஷாக் அப்சார்பரை உங்கள் எடைக்குச் சரியாக வைக்கச் சொல்லுங்கள். அது செய்கிற குற்றத்துக்கு ஆசனம் தண்டனை அனுபவிக்க வேண்டாம். எப்பேர்ப்பட்ட ஆசனமானாலும் மணிக்கொரு தரம் இறங்கி நாலு எட்டு நடக்கவேண்டும். உட்கார்ந்தே இருப்பதற்கு உடம்பு ஏற்படவில்லை.

இதற்கெல்லாம் பணம் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும். செல்போனுக்கும் அதன் உறைக்கும் கொடுத்ததில் ஒரு பங்கு ஆகும். வருஷத்துக்கு ஒரு மாதம் இராப்பகலாக உட்காருகிற இடத்துக்கு அது ஜாஸ்தி என்று எனக்குத் தோன்றவில்லை. வைத்தியருக்கும் தைலக்காரருக்கும் பிறகு கொடுக்கப்போகிற பணத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வட்டாரத்தில் தைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை. அளவு நாடா இல்லாத வீடு இல்லை. நாரும் நுரையும் துணியும் கைக்கெட்டின தூரத்தில் இருக்கின்றன. அளவெடுத்து ஆசனம் செய்கிற தொழில் இந்தியாவிலே எங்கேயாவது தழைக்க வேண்டும் என்றால் அது வெள்ளகோவிலுக்கும் திருப்பூருக்கும் நடுவிலேதான் தழைக்க வேண்டும். இல்லாமல் இருப்பது, “எனக்கு அளவெடு” என்று கூசாமல் கேட்கிற ஆள் மட்டும்தான். கடைக்காரர் உங்களிடம் என்ன நிறம் என்று கேட்பார். நிறத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அட்டையை அவர் கையில் கொடுத்து, எடையைச் சொல்லி, தினம் எத்தனை தூரம் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். பத்தாவது ஆள் வந்து இதையே சொல்லும்போது அவர் டேப்பை எடுத்துவிடுவார்.